நான்கு தொகுதி, நல்ல மார்க்!

"ஒரு கார்பனில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இருந்தால் அது கைரல் மையம். கைரல் மையம் இருந்தால் மூலக்கூறு ஒளியைச் சுழற்றும், இல்லாவிட்டால் சுழற்றாது."

ப்ளஸ் டூவில் இதை உருப்போட்டே பலர் கல்லூரி வரை வந்துவிடுகிறார்கள். முதல் வாக்கியம் சரி. அடுத்தது முழுக்கத் தப்பு. தப்புக்கும் மார்க் விழுகிறது என்பதுதான் கொடுமை.

வீட்டுப் புளியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது டார்டாரிக் அமிலம், கைரல் மையங்கள் இரண்டு. '2-இன் அடுக்கு என்' சூத்திரப்படி 4 மாற்றியங்கள் வர வேண்டும். இருப்பதோ 3! வலஞ்சுழி (புளியில் உள்ளது இதுதான்), இடஞ்சுழி, அப்புறம் மீசோ. மீசோவிலும் அந்த இரண்டு மையங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் ஃபிஷர் படத்தின் நடுவே குறுக்காக ஒரு கோடு போட்டால் மேல்பாதியின் ஆடிப்பிம்பம்தான் கீழ்ப்பாதி. ஒன்று திருப்பியதை மற்றது திருப்பி வைத்துவிடும். சுழற்சி பூஜ்யம்.

எதிர்த்திசையிலும் விதி உடைகிறது. பென்டா-2,3-டையீனில் கைரல் கார்பன் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் நிற்பதால், அதன் ஆடிப்பிம்பம் அதன்மேல் பொருந்தாது. ஒளியைச் சுழற்றும். அல்லீன்களில் இப்படி நடக்கும் என்று வான்ட் ஹாஃப் 1875-லேயே சொல்லிவிட்டார்.

"ஆரம்பப் பாடத்துக்கு இவ்வளவு போதுமே" என்பார்கள். சரி, லூயி பாஸ்டர் 1848-இல் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை வலது, இடது என்று கையாலேயே பிரித்தாரே, அப்போது அவர் எந்தக் கார்பனை எண்ணினார்? கார்பனின் நான்முகி வடிவமே 1874-இல்தான் வந்தது. அவர் பார்த்தது ஒன்றே ஒன்று: இதுவும் கண்ணாடியில் தெரியும் அதுவும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறதா? ஆரம்பப் பாடம் என்றால் அதுதான் ஆரம்பம். கார்பனை எண்ணுவது அதற்குப் பின்னால் வந்த குறுக்குவழி.

இன்னொரு கூத்து, 'டி' என்று போட்டிருந்தால் வலப்பக்கம் சுழற்றும் என்ற நம்பிக்கை. டி-ஃபிரக்டோஸ் இடப்பக்கம் சுழற்றுகிறது, பாவம், அதற்கு இந்த விதி தெரியாது :-)

நான்கு நிறக் களிமண், கொஞ்சம் ஈர்க்குச்சி. லாக்டிக் அமிலத்துக்கு இரண்டு உருவம் செய்து பொருத்திப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. எத்தனை வகுப்பறைகளில் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கிறது?