யானையும் அங்குசமும்

யானையை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா என்று நம் முன்னோர் கேட்டனர். ஆண்டுதோறும் எசல பெரகராவில் அலங்கரித்த யானைகள் அணிவகுத்துச் செல்வதைக் காணும் கண்டிவாசிகளுக்கு இப்பழமொழியை விளக்கத் தேவையில்லை. ஆனால் இன்று நம் இளைஞர்கள் கனவு காணும் யானை வேறு. இரண்டு சக்கரங்களில் ஓடுவது, பெற்றோல் குடிப்பது, நெஞ்சு அதிரும்படி முழங்குவது. 'குரூசர்' என்னும் பெரிய மோட்டார் சைக்கிளையே சொல்கிறேன்.

அத்தகைய வண்டியொன்று, ஒருவர் ஓட்டிக் கைமாற்றியது, என்னிடம் வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அன்றுமுதல் தெருவில் நிறுத்தினால் மாணவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். "எவ்வளவு வேகம் போகும் அண்ணே?" என்பது அவர்களுடைய முதற்கேள்வி. "விழுந்தால் என்ன ஆகும் தம்பி?" என்பது அவர்களுடைய தாய்மாரின் கேள்வி. இரண்டுக்கும் விடை சொல்ல முயல்வதே இவ்வாரக் கட்டுரை.

குரூசர் என்பது நெடுந்தூரம் களைப்பின்றிச் செல்வதற்கென வகுக்கப்பட்ட வண்டி. இருக்கை தாழ்ந்திருக்கும், கைபிடி உயர்ந்து ஓட்டுபவரை நோக்கி வளைந்திருக்கும், கால் வைக்கும் கட்டைகள் முன்னே தள்ளியிருக்கும். சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரமும் அதிகம். ஆதலால், நாற்காலியில் அமர்ந்தாற்போல முதுகு நிமிர்ந்து செல்லலாம். இவ்வமைப்பு வளர்ந்த நாடு அமெரிக்கா. 1903ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் தோன்றிய ஹாலி டேவிட்சன் நிறுவனத்தின் வண்டிகள் இதற்கு முன்மாதிரியாக விளங்கின. அடிவானம்வரை நேராக நீளும் வீதிகளுக்காகப் பிறந்த வடிவம், நூறு யார் தூரமும் நேராகச் செல்லாத நம் மலைநாட்டு வீதிக்கு வந்தால் எப்படி நடந்துகொள்ளும்? என் ஆவலைத் தூண்டிய வினா அதுவே.

என்னிடமுள்ளது றோயல் என்பீல்ட் தண்டர்பேர்ட் 350. இதன் குலவரலாறு சுவையானது. இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரில் 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த நிறுவனம், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. 'என்பீல்ட் இந்தியா' பிறந்தது. வடசென்னையின் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் இங்கிலாந்தின் தாய்மரம் பட்டுப்போக, சென்னையில் இறங்கிய விழுதே மரமாகி நின்றது. 1994முதல் அது ஐஷர் நிறுவனத்தைச் சேர்ந்தது. தண்டர்பேர்ட் 2002இல் வெளிவந்தது. 2020இல் அதன் இடத்தை மீட்டியோர் 350 பெற்றுக்கொண்டது. எல்லாப் பற்றையும் துறக்கச் சொன்ன பட்டினத்தார் சமாதியடைந்த தலம் திருவொற்றியூர். அவ்வூரில் வேர்விட்ட பொருளொன்று இளைஞர் மனத்தில் இத்தனை பற்றை வளர்ப்பது வேடிக்கைதான்!

வண்டியைப் பெற்றவுடன் நான் அறிந்துகொண்ட முதற்குணம் அதன் வேகம் அன்று, எடை. 192 கிலோகிராம்! ஏறக்குறைய நான்கு அரிசி மூடைகளின் பாரம். ஓடத் தொடங்கியபின் இப்பாரம் தெரிவதில்லை. நின்றுகொண்டிருக்கும்போதுதான் அது தன்னை உணர்த்துகிறது. சிறிய வண்டி சரிந்தால் காலை ஊன்றித் தாங்கிவிடலாம். இது ஓரளவுக்குமேல் சரிந்துவிட்டால் மனிதக் கால் ஒன்றால் தடுக்க முடியாது. சரியத் தொடங்குமுன் நிமிர்த்த வேண்டும். இருக்கை தாழ்வாக இருப்பது இவ்விடத்தில் பேருதவி. நடுத்தர உயரமுள்ளவரும் இரு பாதங்களையும் நிலத்தில் முழுமையாக ஊன்றலாம்.

கண்டியிலோ சமதரையே அருமை. அஸ்கிரிய, அம்பிட்டிய, ஹந்தானைப் பக்கங்களில் வீட்டு வாசல்கூடச் சரிவாகவே இருக்கும். இவ்வண்டியில் பின்னோக்கிச் செல்லும் கியர் இல்லை. இறக்கத்தில் முகத்தைச் சுவருக்கு நேரே வைத்து நிறுத்தினால், மீண்டும் வெளியே எடுக்க இருவர் தோள் கொடுக்க வேண்டும். ஆகையால் நிறுத்தும்போதே புறப்படும் வழியை எண்ணிக்கொள்ள வேண்டும். மேட்டை நோக்கி நிறுத்தி, முதலாம் கியரில் விட்டு இறங்குவது நல்ல பழக்கம். வாழ்க்கையில் பல காரியங்களுக்கும் இது பொருந்துமல்லவா?

நகருக்குள் இந்த யானை மகிழ்வதில்லை. பேராதனை வீதியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலைத் தாண்டும் நேரத்தில் பாடசாலை விட்டுவிட்டால், வாகனங்கள் எறும்பு வரிசையாகிவிடுகின்றன. காற்றினால் குளிரும் இயந்திரமாதலால், ஊர்ந்து செல்லும்போது வெப்பம் காலைச் சுடுகிறது. கிளச்சைப் பிடித்துப் பிடித்து இடக்கை சோர்கிறது. ஏற்றத்தில் நின்று மீண்டும் புறப்படுவது தனிக்கலை. இடக்காலை ஊன்றி, வலக்காலால் பின்பிரேக்கை மிதித்து, கிளச் பிடிக்கத் தொடங்குவதை உணர்ந்த பின்னரே பிரேக்கை விடவேண்டும். இடுக்குகளில் நுழைந்து ஓடும் 100 சீசீ வண்டிக்காரர் என்னை முந்திச் செல்லும்போது புன்னகை செய்கிறார். அப்புன்னகையில் நியாயம் உண்டு.

ஆனால் மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை நோக்கி ஏறும்போது கதை மாறிவிடுகிறது. இவ்வியந்திரத்துக்கு ஒரே சிலிண்டர். கொள்ளளவு 346 கனசென்ரிமீற்றர். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீற்றர்; அதனுள் பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீற்றர். நீண்ட தூரம் ஏறியிறங்கும் பிஸ்டன், இயந்திரம் மெதுவாகச் சுழலும்போதே நல்ல இழுவிசையைத் தருகிறது. சிறு வண்டிகள் கியரைக் குறைத்துக் கூவிக்கொண்டு ஏறும் இடத்தில், இது தாளம் தவறாத மத்தளம் போல ஒலித்து, அவசரமின்றி ஏறுகிறது. அந்த நிதானமே இதன் அழகு. பாறையைக் குடைந்து அமைத்த பழைய வாயிலையும், வீதியமைத்த கப்டன் டோசனின் நினைவாக எழுந்த கோபுரத்தையும் பார்த்துக்கொண்டு செல்ல அவகாசம் கிடைக்கிறது. ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் அமைக்கப்பட்ட அவ்வீதியில், இராஜகாரியம் என்ற பெயரால் கட்டாயமாக உழைத்த எளியோரின் வியர்வை கலந்திருக்கிறது. டோசனுக்குக் கோபுரம் உண்டு. அவர்களுக்கு வீதியே நினைவுச்சின்னம்.

ஏற்றம் இவ்வண்டியின் பெருமையைக் காட்டுகிறது. ஓட்டுபவரின் தகுதியைச் சோதிப்பது இறக்கம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கண்டியோ ஏறக்குறைய 500 மீற்றர். லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாக வரும் எழுபத்தைந்து கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பாதையில் இவ்வளவு உயரமும் கரைய வேண்டும். ஏறும்போது அடக்கமாயிருந்த 192 கிலோகிராம், இறங்கும்போது முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. பிரேக்கை இடைவிடாது அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும்.

புசல்லாவைத் தேநீர்க்கடையொன்றில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் என் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். விலையையும் கேட்கவில்லை, வேகத்தையும் கேட்கவில்லை. "ஏறுன கியர்லதான் தம்பி இறங்கணும். பிரேக்கு நிப்பாட்டத்தான், புடிச்சிக்கிட்டே வாறதுக்கு இல்ல" என்றார். நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார். தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரமே வண்டியைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கிறது. பிரேக் குளிர்ந்து, தேவையான கணத்துக்குக் காத்திருக்கிறது.

மாணவர்கள் தம் பௌதிகப் பாடத்தை இங்கே நினைவுகூரலாம். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவன், ஆபத்தைக் கண்டு கை அசையுமுன் கழியும் ஒரே விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் சென்றுவிடுகிறான். றம்பொடை வளைவுகளில் 17 மீற்றருக்கு அப்பால் என்ன இருக்கிறதென்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் பதறிப் பிரேக்கை மிதிக்கலாகாது. குரூசர் தாழ்வான வண்டியாதலால் அதிகம் சாய்ந்து திரும்பவும் இயலாது; கால்கட்டை வீதியில் உராய்ந்து எச்சரிக்கும். போக வேண்டிய வழியில் கண்ணை வைத்தால் வண்டியும் அவ்வழியே வரும். பள்ளத்தைப் பார்த்து அஞ்சினால், கை நம்மை அறியாமல் பள்ளத்தை நோக்கியே திருப்பிவிடும்.

நேற்றுப் பார்த்த வீதி இன்றும் அப்படியே இருக்குமென்று மலைநாட்டில் எண்ணுவதற்கில்லை. மூடுபனி, ஈரச்சருகு, கசிந்த எண்ணெய், மழைநீர் கொணர்ந்த மண் ஆகிய யாவும் ஒரே வளைவில் காத்திருக்கக்கூடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மலைகள் சரிந்து எத்தனையோ உயிர்களைக் கொண்டதையும், பாதைகள் துண்டிக்கப்பட்டதையும் நாம் மறக்க முடியாது. மழை கனக்கும்போது பயணத்தைத் தள்ளிப்போடுவது கோழைத்தனம் ஆகாது. ஓட்டும் திறமையின் ஒரு பகுதியே.

இனி, யானைக்குத் தீனி. இவ்வண்டியின் கொள்கலம் 20 லீற்றர் பெற்றோல் கொள்ளும். 2022 ஜூலையில் 'கியூஆர்' அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். அக்கணக்கில் இதன் வயிற்றை நிரப்ப ஐந்து வாரங்கள்! வரிசைகளில் இரவு பகலாகக் காத்திருந்த நாட்களை அனுபவித்த நம் குடும்பங்கள் பெரிய வண்டியைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதில் தவறென்ன? 2020இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. விலையும் வரியும் எளிய குடும்பத்துக்கு எட்டாதவை. வாங்கும் பணத்தோடு செலவு முடிவதுமில்லை. தயர், சங்கிலி, பிரேக் கட்டை, காப்புறுதி என்று அது தொடர்கிறது. கடன் வாங்கி யானை கட்டுபவனுக்கு யானையும் நிலைக்காது, உறக்கமும் வராது.

தாய்மாரின் கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் மாள்கின்றனர். அவர்களுள் மோட்டார் சைக்கிளில் சென்றோரே பெரும்பங்கினர். அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. ஆனால் "வேண்டாம்" என்னும் ஒரு சொல்லால் இளைஞரின் ஆசையை அடக்கிவிட முடியாது. வீட்டார் விதிக்கத்தக்க நிபந்தனைகள் சில உள. 100 சீசீக்கு மேற்பட்ட வண்டிக்குரிய 'ஏ' வகுப்பு அனுமதிப்பத்திரம் முதலில் கையில் இருக்கட்டும். சிறிய வண்டியில் மழையும் இருளும் மலையும் கண்டு பழகியிருக்கட்டும். தலைக்கவசம் தலைக்கு இறுகப் பொருந்தி, அதன் வார் தாடையின்கீழ் பூட்டப்பட்டிருக்கட்டும். வார் பூட்டாத கவசம் விழும் கணத்தில் தலையை விட்டுப் பறந்துவிடும். பின்னால் அமர்பவருக்கும் அதே தரத்தில் ஒன்று வேண்டும். சேலையுடுத்த பெண்கள் ஒருபுறமாக அமர்ந்து மலைப்பாதையில் செல்வதைத் தவிர்ப்பது நன்று. முந்தானை சக்கரத்தில் சிக்குவதும், வளைவில் சமநிலை குலைவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்துவிடும்.

மாணவர்களின் கேள்விக்கும் விடை இதுவே. இவ்வண்டி மணிக்கு நூறு கிலோமீற்றரைத் தாண்டும். ஆனால் கண்டியைச் சுற்றியுள்ள வீதிகளில் அவ்வேகத்துக்கு இடமில்லை, தேவையுமில்லை. நாற்பதில் செல்லும்போதே இதன் முழு இன்பமும் கிடைத்துவிடுகிறது. தேயிலைக் கொழுந்தின் மணமும், கொத்மலை நீர்த்தேக்கத்தின்மேல் விழும் மாலை வெயிலும், மலையடிவாரக் கோயிலின் மணியோசையும் வேகமாகப் பறப்பவனுக்கு எட்டுவதில்லை. வேகந்தான் வேண்டுமென்பவனுக்கு இவ்வண்டி ஏமாற்றமே தரும். நிதானத்தை விரும்புகிறவனுக்கு இது நல்ல துணை.

பெரகராவில் புனிதப் பேழையைச் சுமந்து செல்லும் யானையைப் பாருங்கள். அத்தனை வலிமையும் அதன் உடலுக்குள் இருக்கிறது. அடியோ அளந்து விழுகிறது. அதனால்தான் பல்லாயிரம் மக்கள் அதன் அருகில் அச்சமின்றி நிற்கிறார்கள். வீதியில் பெரிய வண்டியோடு செல்பவனையும் பாதையோரம் நடக்கும் குழந்தை அவ்வாறே நம்பிப் பார்க்க வேண்டும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற முடியுமென்று தோன்றினால், தம்பிமாரே, யானையை வாங்குங்கள். அங்குசத்தை மட்டும் அதற்கு முன்னரே வாங்கிவிடுங்கள்.