சங்கு ஊதினால் குறட்டை நிற்குமா... ஜெய்ப்பூர் ஆய்வை எப்படிப் புரிந்துகொள்வது?

நம்ம ஊர்ல 'சங்கு ஊதிட்டாங்க'ன்னா அர்த்தமே வேற. ஆனா, தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் 'ஸ்லீப் ஆப்னியா' பிரச்னைக்கு, ஜெய்ப்பூர் மருத்துவர்கள் அதே சங்கைத்தான் கையில் கொடுத்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட்டில் அந்த ஆய்வு வெளியானது. செய்தித் தலைப்பை மட்டும் படித்தால், 'சிபாப் மெஷின் எதுக்கு, சங்கு போதுமே' என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறுங்க பாஸ்!

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. குறைந்தது 10 நொடிக்கு மூச்சு நிற்கும் அல்லது ரொம்பவே குறையும். மூளை உலுக்கி எழுப்பும். மறுபடி அதே கதை. இது மணிக்கு 15 முதல் 30 முறை நடந்தால் மிதமான பாதிப்பு. அதற்கு மேல் போனால் தீவிரம்.

ஆய்வில் இருந்தது 30 பேர். எல்லோருமே மிதமான பாதிப்பு உள்ளவர்கள். 16 பேர் சங்கு ஊத, மற்றவர்கள் ஆழமூச்சுப் பயிற்சி செய்தார்கள். வாரத்துக்கு 5 நாள், தினமும் 15 நிமிடம், 6 மாதம். சங்கு ஊதியவர்களுக்குப் பகல்நேரத் தூக்கக்கலக்கம் 34% குறைந்தது. மூச்சு நிற்பது மணிக்கு 4, 5 முறை குறைந்தது.

இந்த இரண்டாவது எண்ணைத்தான் கவனிக்கணும். 20 முறை நின்றது 15 ஆனால் நல்ல விஷயம். அதுவே 40 முறை நிற்பவருக்கு 35 ஆனால்? அப்போதும் அவர் தீவிர நோயாளிதான். தவிர, தூக்கக்கலக்கம் என்பது நோயாளியே சொல்லும் பதிலை வைத்துப் போடும் மதிப்பெண். 'நாம சங்கு ஊதுறோம்' என்ற நம்பிக்கையும் அதில் கலந்திருக்கலாம்.

அதற்காக இதை ஒதுக்கவும் முடியாது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிட்ஜெரிடூ என்ற நீளக் குழலை ஊத வைத்து சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்விலும் இதேபோல முன்னேற்றம் தெரிந்தது. வெளியானது 2006-ல். அங்கேயும் 25 பேர்தான். தொண்டைத் தசைக்கு இது ஜிம் மாதிரி, அவ்வளவுதான் லாஜிக்.

மூக்கில் அணு தைலம் விடும் நஸ்யம், ஆவி பிடிப்பது எல்லாம் வேறு ரகம். மூக்கு வறட்சிக்கு, சளிக்கு இதமா இருக்கலாம். ஆனா, ஸ்லீப் ஆப்னியாவில் அடைப்பு பெரும்பாலும் தொண்டையில். இதில் ஒரு சிக்கலும் இருக்கு. சத்தம் குறைந்ததும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். மூச்சு மட்டும் நின்றுகொண்டே இருக்கும். 'குட் நைட்' படம் பார்த்துச் சிரித்த நமக்கு, குறட்டை என்றால் பக்கத்தில் படுப்பவரின் பிரச்னை. பாடகர் பப்பி லஹிரி 2022-ல் இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் ஸ்லீப் ஆப்னியாவும் ஒன்று.

எடையைக் குறைப்பது, இரவில் மது அருந்தாமல் இருப்பது, ஒருக்களித்துப் படுப்பது... செலவில்லாத இந்த வழிகளுக்கு ஆதாரம் நிறையவே உண்டு. குறட்டை திடீரென அடங்கி, கொஞ்ச நேரம் கழித்துத் திணறலோடு மறுபடி தொடங்குகிறதா? போனில் ரெக்கார்டு செய்து காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ, நுரையீரல் டாக்டரிடமோ காட்டுங்க. 'ஸ்லீப் ஸ்டடி' எடுத்தால்தான் மணிக்கு எத்தனை முறை என்று தெரியும். ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவர்கள், சங்கை நம்பி அதை நிறுத்த வேண்டாம். அழுத்தி ஊதும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடும் என்பதால், கிளாக்கோமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சங்கைத் தொடாதீங்க.