விலை உயர்ந்த துப்பாக்கி போதுமா?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். அகல் விளக்கும் பொம்மையும் அங்கே சூளையிலிருந்து வெளிவருகின்றன.

அந்த ஊர்த் தொழிலாளியிடம் புது மண் வந்தால் என்ன செய்வார்? உடனே சூளை நிறையப் பொம்மைகளை அடுக்கிவிட மாட்டார். சிறு துண்டு ஒன்றைச் செய்து சுட்டுப் பார்ப்பார். மண்ணும் நெருப்பும் ஒத்துப்போனால்தான் அடுத்த வேலை.

இந்தப் பொறுமை துப்பாக்கி சுடும் விளையாட்டிலும் வேண்டும். ஆனால் பல வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளை குறி தவறினால், "இன்னும் விலை உயர்ந்த துப்பாக்கி வாங்கலாம்" என்று கடன் தேடுகிறார்கள். அல்லது, "உனக்குக் கை நடுங்குகிறது" என்று பிள்ளையைத் திட்டுகிறார்கள்.

இரண்டும் தவறாக இருக்கலாம். குண்டும் குழலும் பொருந்தாமல் இருக்கலாம் அல்லவா?

பம்பரம் சொல்லும் பாடம்

சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கும். வேகம் குறைந்தால் தலை ஆடும், பிறகு சாய்ந்துவிடும். குண்டும் அப்படித்தான். அது சுழன்றபடி பறந்தால் மூக்கு முன்னோக்கியே இருக்கும். சுழற்சி போதாவிட்டால் தடுமாறும். குட்டிக்கரணம் கூடப் போடும்.

குண்டைச் சுழற்றுவது எது? குழலின் உட்புறத்தில் திருகாணியின் மரை போல, சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அந்த மரையைப் பற்றிக்கொண்டு வரும் குண்டு, சுழன்றபடி வெளியேறும். எத்தனை அங்குலத்தில் மரை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதே குழலின் முக்கியமான கணக்கு.

எடையா, நீளமா?

"கனமான குண்டுக்கு நெருக்கமான மரை வேண்டும்" என்பார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது நீளம். ஒரே குழலில் போகும் குண்டு கனமாக வேண்டுமானால், அகலத்தைக் கூட்ட முடியாது. நீளத்தைத்தான் கூட்ட வேண்டும். நீண்ட குண்டை நேராக நிறுத்த, வேகமான சுழற்சி வேண்டும்.

கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1879-ம் ஆண்டிலேயே இதற்கு எளிய கணக்கு வகுத்தார். குண்டின் நீளம் அதன் குறுக்களவைப் போல் எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். 150-ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். வரும் விடையைக் குறுக்களவால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்!

குறுக்களவு 7.62 மில்லி மீட்டர் என்று கொள்வோம். குண்டின் நீளம் அதைப் போல் 3 மடங்கு என்றால், 15 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போதும். 5 மடங்கு என்றால், 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். ஈயம் நிரம்பிய சாதாரணக் குண்டுக்கு இது நல்ல தோராயக் கணக்கு.

குளிரில் வந்த சோதனை

இந்தக் கணக்கு பிசகினால் வல்லரசும் தடுமாறும். அமெரிக்காவின் எம்-16 ரைபிளில் முதலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று மரை இருந்தது. கடுங்குளிரில் சோதித்தபோது குண்டு ஆட்டம் கண்டது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது அல்லவா? அதனால் 1963-ல் மரையை 12 அங்குலமாக நெருக்கினார்கள். 1980-களில் 4 கிராம் எடையுள்ள நீண்ட குண்டும், அதைவிட நீண்ட, ஒளிவிட்டுப் பாயும் குண்டும் வந்தன. மரை 7 அங்குலமாயிற்று.

ஏறத்தாழ அதே குறுக்களவுள்ள குண்டுதான் 50 மீட்டர் ரைபிள் போட்டியிலும் பயன்படுகிறது. ஆனால் அதன் எடை சுமார் 2.6 கிராம், உருவமும் குட்டை. அதற்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றே வழக்கம்.

அப்படியானால் எல்லாக் குழலிலும் மரையை நெருக்கிவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆபத்து. சக்கரத்தின் நடுவில் சரியாக அமராத களிமண், வேகம் கூடக்கூட அதிகமாக ஆடும். கடைசியில் பிய்த்துக்கொண்டு சிதறும். செய்நேர்த்தி இல்லாத குண்டும் அளவுக்கு மீறிச் சுழன்றால் விலகும். மெல்லிய மேலுறை கொண்ட குண்டு நடுவானிலேயே உடைவதும் உண்டு.

அரை மில்லி மீட்டர் புள்ளி

விருத்தாசலம் இருப்பது கடலூர் மாவட்டத்தில். அந்தக் கடலூரில் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். 2019-ல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்றவர்.

அந்தப் போட்டியில் நடுப்புள்ளியின் அகலம் எவ்வளவு தெரியுமா? வெறும் அரை மில்லி மீட்டர்! அதற்கான ஈயக் குண்டு இடுப்புச் சிறுத்து, பின்புறம் பாவாடை போல் விரிந்திருக்கும். பூப்பந்து போல அந்த வடிவமும் அதை நேராகச் செலுத்தும், மரையும் சுழற்றும். ஒரே பெயர், ஒரே எடை என்று எழுதியிருந்தாலும், தயாரித்த தொகுதிக்குத் தொகுதி நுட்பமான வேறுபாடு இருக்கும். அதனால் தேர்ந்த வீரர்கள் துப்பாக்கியை அசையாமல் பொருத்தி, ஒவ்வொரு தொகுதியையும் சுட்டுப் பார்த்தே வாங்குகிறார்கள்.

எது அவசியம்?

இந்த வசதி ஏழைப் பிள்ளைக்கு எளிதில் கிடைப்பதில்லை. கையில் கிடைத்த குண்டைப் போட்டுச் சுடுகிறான். தவறினால் பழி அவன் மீது!

மாவட்டந்தோறும் துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தில் ஒரு சோதனை மேடை வேண்டும். பல தொகுதிக் குண்டுகளும், அவற்றைச் சோதித்துச் சொல்லும் பயிற்சியாளரும் வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்குப் புதுத் துப்பாக்கி வாங்குவதைவிட இதற்குச் செலவு குறைவு, பயன் அதிகம்.

பெற்றோரும் அவசரப்படக் கூடாது. குழலின் மரையை மாற்ற முடியாது. குண்டை மாற்றலாம். நகையை அடகு வைப்பதற்கு முன் அதைச் செய்து பார்க்கட்டும்.

விருத்தாசலத்தில் மண்ணைச் சுட்டுப் பார்த்துத்தான் சூளையை நிரப்புகிறார்கள். பிள்ளையின் திறமையை எடைபோடும் முன், குண்டையும் ஒருமுறை சுட்டுப் பார்ப்பதே நியாயம்.