சிறு பள்ளிகளை மூடுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள்: ஒரு மறுப்பு

மாணவர் எண்ணிக்கை குறைந்த ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளை அருகிலுள்ள பெரிய பள்ளிகளோடு இணைத்துவிடுவதே அறிவுடைமை என்னும் கருத்து, கடந்த பத்தாண்டுகளில் இந்தியக் கல்வி நிர்வாகத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டது. 2014-இல் இராஜஸ்தான் அரசு பல்லாயிரம் பள்ளிகளை இணைத்தது. 2017-இல் நிதி ஆயோக் தொடங்கிய ‘சாத்-இ’ திட்டத்தின் வழியே மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா ஆகிய மாநிலங்களும் அதே பாதையில் சென்றன. 2025 ஜூன் 16 அன்று உத்தரப் பிரதேச அடிப்படைக் கல்வித் துறையும் சேர்க்கை குறைந்த பள்ளிகளை அருகிலுள்ளவற்றோடு சேர்க்குமாறு ஆணையிட்டது. அதை எதிர்த்துச் சீதாபூர் மாவட்டக் குழந்தைகள் 51 பேர் சார்பில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில் வழக்குத் தொடரப்பட்டது. ஜூலை 7 அன்று தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தாலும், மேல்முறையீட்டில் ஜூலை 24 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, அம்மாவட்டத்தில் அப்போதைய நிலையே தொடர வேண்டும் என்று இடைக்கால ஆணை வழங்கியது. இவ்வாறு வழக்கு மன்றம் வரை செல்லும் பெற்றோர் வளர்ச்சியை விரும்பாதவர்கள் என்றும், உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்றும் சித்திரிக்கப்படுகின்றனர். உண்மையில், இணைப்புக்காக முன்வைக்கப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தால், பெற்றோர் பக்கமே வலுவாக நிற்பது தெரியவரும்.

சிறு பள்ளிகள் பொருளாதார நோக்கில் வீண் செலவு என்பதே முதன்மையான வாதம். அரசு தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 28 விழுக்காட்டில் 30-க்கும் குறைவான மாணவர்களே உள்ளனர் என்னும் 2020 தேசியக் கல்விக் கொள்கையின் புள்ளிவிவரம் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் இந்தச் சிக்கனம் எங்கிருந்து கிடைக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களும், 61 முதல் 90 வரை இருந்தால் மூன்று ஆசிரியர்களும் தேவை. 20 குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளியும் 70 குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளியும் தனித்தனியே இயங்கும்போது மொத்தம் ஐந்து ஆசிரியர்கள் இருப்பார்கள். இரண்டையும் இணைத்து 90 குழந்தைகளை ஒரே பள்ளியில் அமர்த்தினால் மூவரே போதும் என்றாகி, மீதமுள்ள இருவர் உபரி ஆசிரியர்களாகக் கணக்கிடப்பட்டு, பணிநிரவல் என்ற பெயரில் வேறிடத்துக்கு மாற்றப்படுவார்கள். அதாவது, அரசுக்கு மிச்சமாவது அந்த ஏழைக் குழந்தைகளுக்கு உரிய இரண்டு ஆசிரியர்களின் ஊதியமே ஆகும். ஓர் ஆசிரியருக்குச் சராசரியாக 18 குழந்தைகள் என்றிருந்த நிலை 30 ஆக மாறுவதைத் தர உயர்வு என்று எவ்வாறு கூற முடியும்? அரசின் கணக்கில் குறையும் செலவு பெற்றோரின் கணக்கில் ஏறுகிறது என்பதும் கருதத்தக்கது. காலையில் களையெடுக்கப் போக வேண்டிய தாய், ஆறு வயதுக் குழந்தையைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுத் திரும்புவதற்குள் அன்றைய கூலியை இழக்கிறார். இந்த இழப்பு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

தூரம் ஒரு பொருட்டன்று என்பது அடுத்த வாதம். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பள்ளி, குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடைத் தொலைவுக்குள் இருக்க வேண்டும் என்று கூறுகின்றன. தமிழ்நாட்டின் 2011-ஆம் ஆண்டு விதிகளும் இதையே சொல்கின்றன. அலுவலகத்தில் இருந்தபடி வரைபடத்தில் அளக்கப்படும் கிலோமீட்டருக்கும் குழந்தை நடக்கும் கிலோமீட்டருக்கும் வேறுபாடு உண்டு. இடையில் நெடுஞ்சாலையோ, இருப்புப்பாதையோ, மழைக்காலத்தில் பெருகும் ஓடையோ குறுக்கிட்டால் அந்தத் தொலைவு பலமடங்காகிறது. பெண் குழந்தைகளைப் பொறுத்தவரை, கூடுதலாக நடக்க வேண்டிய ஒவ்வொரு பர்லாங்கும் படிப்பை நிறுத்துவதற்கான காரணமாகிவிடக்கூடும். பெற்றோரின் எதிர்ப்பு பரவலாக எழுந்த பிறகு, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பள்ளியோடு எந்தப் பள்ளியும் இணைக்கப்படாது என்று உத்தரப் பிரதேச அரசே அறிவிக்க நேர்ந்தது, தூரம் பற்றிய அச்சம் கற்பனையன்று என்பதற்குச் சான்று.

மூன்றாவதாக, ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்தும் பள்ளியில் கற்றல் நடைபெறாது என்று அடித்துக் கூறப்படுகிறது. கல்வியியலில் பல வகுப்புக் கற்பித்தல் எனப்படும் இம்முறை, பயிற்சியும் உரிய கருவிகளும் இல்லாத இடத்தில் தோல்வியடைகிறது என்பதில் ஐயமில்லை. எனினும் அந்தத் தோல்விக்குப் பள்ளியின் சிறிய அளவைக் காரணமாக்குவது தவறு. ஆந்திரத்தின் ரிஷிவேலி ஊரகக் கல்வி மையம், ஓராசிரியர் பள்ளிகளுக்கென்றே கற்றல் அட்டைகளை உருவாக்கியது. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படிப்படியாக ஏணிபோல் அமைந்த அட்டைகளைக் கடந்து செல்ல, ஆசிரியர் தேவைப்படும் குழந்தையின் அருகில் அமர்ந்து கற்பிப்பார். மூத்த குழந்தை இளைய குழந்தைக்கு உதவும். இந்த முறையிலிருந்து கற்றுக்கொண்டே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் உருப்பெற்று, பின்னர் 2007-08 முதல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. சிறு பள்ளியில் பிறந்த ஒரு முறை பெரிய பள்ளிகளுக்கு ஆசானாக விளங்கிய வரலாறு இது. கொலம்பியா நாட்டில் 1970-களின் நடுவில் ஊர்ப்புறச் சிறு பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்ட ‘எஸ்குவேலா நுவேவா’ முறையும் இதே அடிப்படையில் வளர்ந்து, பல நாடுகளால் பின்பற்றப்பட்டது. குழந்தைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, முதல் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே கூரையின்கீழ் கற்பது குறையன்று. ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாமலும், இருக்கும் ஆசிரியர் கணக்கெடுப்புக்கும் தேர்தல் பணிக்கும் அனுப்பப்பட்டும் வகுப்பறை வெறுமையாகக் கிடப்பதே குறை. அதை நீக்கும் வழி பள்ளியை மூடுவதாக இருக்க முடியாது.

பெற்றோரே அரசுப் பள்ளியைப் புறக்கணித்துவிட்டனர், ஆகவே மூடுவது மக்கள் விருப்பத்துக்கு இசைவானதே என்னும் வாதம்தான் மிகவும் அநீதியானது. சேர்க்கை குறைந்ததற்குப் பிறப்பு விகிதச் சரிவு ஒரு காரணம். ஆயினும் பெருங்காரணம் வேறு. தனியார் பள்ளியின் வண்டி மூன்று வயதுக் குழந்தையை வீட்டு வாசலிலேயே ஏற்றிச் செல்கிறது. அரசுப் பள்ளியோ பெரும்பாலான இடங்களில் முதல் வகுப்புக்கு வரும்வரை அக்குழந்தைக்காகக் காத்திருக்கிறது. மழலை வகுப்பில் ஒருமுறை சேர்ந்த குழந்தை பின்னர் திரும்பி வருவது அரிது. இக்காரணம் அறிந்தே தமிழ்நாடு அரசு 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. உத்தரப் பிரதேசத்திலோ, இணைப்பால் காலியாகும் கட்டிடங்களில் மூன்று முதல் ஆறு வயதினருக்கான ‘பால் வாடிகா’ நடத்தப்படும் என்று அறிவித்துள்ளனர். அந்த மழலையர் அதே வளாகத்தில் முதல் வகுப்பில் சேர்ந்து பள்ளியை மீண்டும் நிரப்பக்கூடிய தருணத்தில், முதல் வகுப்பையே அங்கிருந்து அகற்றுவது எந்த வகையில் பொருந்தும்? மேலும், மூடப்படலாம் என்ற பேச்சு எழுந்தவுடன் தயங்கி நிற்கும் பெற்றோரும் குழந்தையை வேறிடத்தில் சேர்க்கத் தொடங்குவர். மறு ஆண்டு அந்தக் குறைவே மூடுவதற்கு ஆதாரமாகக் காட்டப்படும்.

ஒரு குழந்தைகூட இல்லாத பள்ளிகளும் உண்டு. தமிழ்நாட்டில் 2019-இல் அத்தகைய நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் நூலகங்களாக மாற்றப்பட்டன. அவற்றைப் பற்றி இங்கு வழக்கில்லை. பதினைந்து குழந்தைகள் அன்றாடம் வந்து படிக்கும் பள்ளியை அவற்றோடு ஒரே பட்டியலில் வைப்பதையே பெற்றோர் எதிர்க்கின்றனர். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, நான்கில் மூன்று பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவை அமைத்து, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துள்ளது; பள்ளி இருக்க வேண்டுமா என்னும் கேள்வியில் மட்டும் அக்குழுவின் தீர்மானத்துக்கு மதிப்பில்லை என்பது முரண். ஸ்காட்லாந்தில் 2010-இல் இயற்றப்பட்ட பள்ளிகள் கலந்தாய்வுச் சட்டம், ஊர்ப்புறப் பள்ளியை மூட முனையும் உள்ளாட்சி அமைப்பு, மூடாமல் இருப்பதற்கான மாற்று வழிகளையும், ஊர்ச் சமூகத்தின்மீதான விளைவையும், குழந்தைகளின் பயணத்தில் ஏற்படும் மாற்றத்தையும் தனிக் கவனத்தோடு ஆராய வேண்டும் என்று விதிக்கிறது. அத்தகைய கடமை இந்திய மாநிலங்களின் விதிகளிலும் எழுதப்பட வேண்டும். இணைப்பு ஆணைக்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் பெறப்படவும், குழந்தை நடக்கும் பாதை அதிகாரிகளால் நேரில் நடந்து அளக்கப்படவும், காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட்டு மழலையர் வகுப்பும் தொடங்கப்பட்ட பின்னரே சேர்க்கை மதிப்பிடப்படவும் வேண்டும். தங்கள் ஊர்ப் பள்ளியின் பெயர் பட்டியலில் இடம்பெறும் முன்பே, மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி எழுத்தில் பதிவு செய்யப் பெற்றோர் முன்வர வேண்டும்.