மறு கன்னத்தைக் காட்டப் பழகியவர்கள்



மத்தேயு 5-ஆம் அதிகாரம் 39-ஆம் வசனத்தை அறியாதவர் நம் சபைகளில் இல்லை. ஒரு கன்னத்தில் அறைகிறவனுக்கு மறு கன்னத்தையும் காட்டும்படி ஆண்டவர் மலையின்மேல் போதித்த வசனம் அது. கூலி பிடித்துக்கொள்ளப்பட்ட சகோதரனுக்கும், முன்பணம் திரும்பக் கிடைக்காத குடும்பத்துக்கும், வேற்றுமொழிக்காரர் என்று இகழப்பட்ட வாலிபனுக்கும் இந்த வசனத்தையே காட்டி, பொறுத்துக்கொள்ளுங்கள், ஜெபியுங்கள் என்று ஆலோசனை சொல்லி அனுப்புகிறோம். ஆனால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிப் போவதற்குத்தான் மறு கன்னத்தைக் காட்டுதல் என்று பெயரா? இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்த ஒரு போதகரைக் குறித்து இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

அவர் பெயர் ஜேம்ஸ் லாசன். 1928-இல் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். சிறுவனாயிருந்தபோது தன்னை நிறத்தைச் சொல்லி ஏசிய ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் கன்னத்தில் அறைந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் வேலையாயிருந்த தாயார் அதைக் கேட்டு, திரும்பிப் பாராமலே, அதனால் என்ன நன்மை உண்டாயிற்று என்று மட்டும் கேட்டார்களாம். அந்தக் கேள்வி அவரை விடவேயில்லை. கொரிய யுத்தத்திற்கு ஆள் சேர்த்தபோது படையில் சேர மறுத்துச் சிறை சென்றார். விடுதலையானபின் 1953-இல் மிஷனெரியாக அவர் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம்முடைய நாக்பூர்!

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகிற தமிழர் எல்லாரும் கடந்துபோகிற ஊர் அது. அங்குள்ள ஹிஸ்லாப் கல்லூரியில் அவர் மாணவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சியளித்தார், ஊழியமும் செய்தார், காந்தியடிகளின் வழியை அருகிருந்து கற்றுக்கொண்டார். 1955 டிசம்பரில் மாண்ட்கமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குப் போகிறார்கள் என்ற செய்தியை நாக்பூர்ப் பத்திரிகையில் வாசித்து ஆனந்தத்தால் துள்ளினார். அவர்களை நடத்தியவர் மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் போதகர். 381 நாட்கள் நீடித்த அந்தப் போராட்டத்தின் கதையை நீங்கள் அறிவீர்கள். 1957-இல் இருவரும் நேரில் சந்தித்தார்கள். இருவருக்கும் வயது 28. படிப்பை முடித்தபின் தெற்கே வருவேன் என்றார் லாசன். காத்திராதேயும், இப்பொழுதே வாரும் என்று வருந்தி அழைத்தார் கிங்.

அப்படியே அவர் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரத்துக்குப் போனார். அங்கே பெரிய கடைகளில் கறுப்பினத்தார் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். ஆனால் அதே கடையிலுள்ள சிற்றுண்டி மேசையில் உட்கார்ந்து ஒரு கோப்பை காபி குடிக்க முடியாது. பிள்ளைகளோடு கடைத்தெருவுக்குப் போகும் தாய்மார் சற்று உட்கார்ந்து இளைப்பாற இடமின்றித் திரும்புவார்கள். இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகளைக் கண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

லாசன் உடனே மறியலுக்கு ஆள் திரட்டவில்லை. ஓர் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் வாரந்தோறும் வகுப்பு நடத்தினார். மாணவர் சிலர் வாடிக்கையாளர்போல் நாற்காலியில் உட்காருவார்கள். மற்றவர்கள் போக்கிரிகள்போல் நடித்து, அவர்களை ஏசி, நாற்காலியிலிருந்து தள்ளி, முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள். அடி விழும்போது தலையை எப்படிக் காத்துக்கொள்வது, கீழே விழுந்தவன்மேல் அடி விழாதபடி மற்றவர் எப்படிக் குறுக்கே வருவது, அடிக்கிறவனுடைய கண்களை ஏன் நேராகப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் பழக்கினார். பகைவனை நேசிப்பதைச் சொற்பொழிவால் கற்பித்துவிட முடியாது, சரீரத்தையே அதற்குப் பழக்கவேண்டும் என்பதை அவர் கண்டிருந்தார். அங்கே வந்தவர்களில் ஜான் லூயிஸ், ஜேம்ஸ் பெவல், பெர்னார்ட் லஃபாயெட் ஆகிய மூவரும் வேதாகமக் கல்லூரி மாணவர்கள். நானும் வேதாகமக் கல்லூரியில் கற்றவன். பிரசங்கக் கலைக்கு எங்களுக்குத் தனிப் பாடம் இருந்தது, இதற்கு இருந்ததில்லை.

1960 பிப்ரவரி 13-ஆம் தேதி, பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, 124 மாணவர்கள் தங்களுக்குள்ள நல்ல உடைகளை உடுத்தி, பாடப் புத்தகங்களோடு அந்தச் சிற்றுண்டி மேசைகளில் போய் அமர்ந்தார்கள். கடைக்காரர் பரிமாற மறுத்தனர்; இவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரங்களுக்குப்பின், 27-ஆம் தேதி, ஒரு கும்பல் புகுந்து அவர்களை அடித்தது. காவலர் வந்து கைதுசெய்ததோ அடிவாங்கிய மாணவர்களை! ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால், அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் அமர்ந்தது. அன்று 81 பேர் கைதானார்கள். ஒருவரும் திருப்பியடிக்கவில்லை.

அந்நாட்களில் நடந்த ஒரு சம்பவம் என்னை வெகுவாய்த் தொட்டது. மாணவர்களை அடித்துக்கொண்டிருந்த ஒரு முரட்டு வாலிபன் லாசன்மேல் காறித் துப்பினான். லாசன் அவனை நோக்கி, கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்டார். திகைத்துப்போனவன் தன்னையறியாமலே எடுத்துக் கொடுத்துவிட்டான். துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, உன்னிடம் மோட்டார் சைக்கிள் உண்டா என்று விசாரித்தார். உண்டு என்றான். இருவரும் வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். துப்பியவன் வாயிலிருந்தே உரையாடல் பிறந்தது!

தேவபிள்ளைகளே, இங்கேதான் அந்த வசனம் எனக்கு விளங்குகிறது. ஓடிப்போகிறவனால் மறு கன்னத்தைக் காட்ட முடியாது. காட்டவேண்டுமானால் அறைந்தவனுக்கு முன்பாக அவன் நின்றுகொண்டிருக்கவேண்டும். பிலிப்பி பட்டணத்தில் பவுல் செய்ததையும் (அப்போஸ்தலர் 16) கவனியுங்கள். விசாரணையின்றி அடித்துச் சிறையில் வைத்தவர்கள், காலையில் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர் இசையவில்லை. தாம் ரோமப் பிரஜை என்பதை எடுத்துச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வந்து அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். அவர்கள் பயந்து வந்தார்கள். முந்தின இரவில் சிறைச்சாலைக்காரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவர்தான். அந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் நாம் பெரும்பாலும் பூமியதிர்ச்சியோடும் ஞானஸ்நானத்தோடும் நிறுத்திக்கொள்கிறோம்.

நாஷ்வில்லில் விலை கொடுக்கவேண்டியிருந்தது. லாசன் படித்துக்கொண்டிருந்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் மார்ச் மாதத்தில் அவரை வெளியேற்றியது. அவ்வருஷத்து ஈஸ்டருக்குக் கறுப்பினக் குடும்பங்கள் நகரக் கடைகளில் புத்தாடை வாங்காமலே பண்டிகையை ஆசரித்தன. (பண்டிகைத் துணி இல்லாவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.) ஏப்ரல் 19-ஆம் தேதி அதிகாலையில், மாணவர்களுக்காக வழக்காடிய லூபி என்ற வழக்கறிஞரின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. அவரும் மனைவியும் உயிர் தப்பினார்கள். அன்றைக்கே ஆயிரக்கணக்கானோர் கோஷமின்றி, மௌனமாக நகர மன்றத்துக்கு நடந்தார்கள். டயேன் நாஷ் என்ற மாணவி மேயர் பென் வெஸ்டைப் பார்த்து, ஒருவரை நிறத்தைக்கொண்டு ஒதுக்குவது சரியென்று நீங்கள் தனிப்பட்ட முறையில் எண்ணுகிறீர்களா என்று கேட்டார். சரியல்ல என்று அவர் ஒப்புக்கொண்டார். மே 10-ஆம் தேதி ஆறு கடைகளின் மேசைகள் திறக்கப்பட்டன.

பெந்தெகொஸ்தே சபையாராகிய நாம் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். 1968-இல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களுக்குத் துணையாகக் கிங்கை அங்கே வரவழைத்தவர் லாசனே. கிங் கடைசியாகப் பேசிய மேசன் ஆலயம், ‘சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்’ என்ற பெந்தெகொஸ்தே சபையின் தலைமை ஆலயம். அதன் ஸ்தாபகரான மேசன், 1907-இல் ஆசூசா தெரு எழுப்புதலில் அபிஷேகம் பெற்றவர். ஏப்ரல் 3-ஆம் தேதி அங்கே பேசினார். மறுநாள் சுடப்பட்டு மரித்தார். தொழிலாளர் கோரிக்கை அதே மாதம் 16-ஆம் தேதி ஏற்கப்பட்டது.

லாசனை வெளியேற்றிய பல்கலைக்கழகம் 2006-இல் அவரைப் பேராசிரியராகத் திரும்ப அழைத்தது, அவர் போனார். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நெடுங்காலம் மேய்ப்பராயிருந்து ஓய்வுபெற்றபின்பும், தம் பழைய ஆலயத்தில் மாதத்தின் நான்காம் சனிக்கிழமைகளில் அகிம்சை வகுப்பு நடத்திவந்தார். 2024 ஜூன் மாதத்தில், தமது 95-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.