கார்டு மேல் பழி போடாதீர்கள்!

"கேம் லேக் ஆகுது... புது கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தாங்கப்பா!" என்று வீட்டில் அடம் பிடித்தது உண்டா? என் அக்கா வீட்டில், சென்ற ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் இதே கூத்துதான்.

அக்கா மகன் எட்டாம் வகுப்பு. கார் ரேஸ் கேம் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார், திடீரென்று தத்தித் தத்திப் போக ஆரம்பித்துவிட்டது. கடைக்காரருக்குப் போன் செய்தால், பெட்டியைப் பார்க்காமலேயே, "கார்டு பழசாயிடுச்சு, மாத்திடுங்க" என்றார். அடுத்த டெர்ம் பீஸுக்காக எடுத்து வைத்திருந்த பணத்தில் கை வைக்க அத்தான் தயாராகிவிட்டார். நல்ல வேளை, அன்று நான் அங்கே போயிருந்தேன்.

"எப்போதிருந்துடா இப்படி?" என்று கேட்டேன்.

"பூஜைக்கு அப்புறம்தான் மாமா!"

விஷயம் அங்கேயே பிடிபட்டுவிட்டது. பூஜைக்காக சி.பி.யு.வைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்ப ஒயர்களை மாட்டியிருக்கிறான். மானிட்டர் ஒயரை கிராபிக்ஸ் கார்டில் செருகுவதற்குப் பதில், மதர்போர்டில் அதே மாதிரி இருக்கும் இன்னொரு ஓட்டையில் செருகிவிட்டான். படம் வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்க, பிராசசருக்குள் இருக்கும் குட்டி கிராபிக்ஸ் பகுதி மொத்த வண்டியையும் இழுத்துக்கொண்டிருந்தது, பாவம்! ஒயரை மாற்றிச் செருகினோம். தத்தல் போயே போய்விட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

கதை அதோடு முடிந்ததா? இல்லை. பத்தே நிமிடத்தில் மறுபடி கத்தினான். "மாமா, ஸ்கிரீன் கிழியுது!"

கார் திரும்பும்போது படத்தின் மேல்பாதி ஒரு இடத்திலும், கீழ்பாதி சற்று விலகியும் தெரிந்தது. நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு. "பார்த்தீங்களா, கார்டு போச்சுன்னு சொன்னேனே!" என்றான்.

இங்கேதான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தத்துவது வேறு நோய், கிழிவது வேறு நோய். படம் கிழிந்தால் கார்டு வீக் என்று அர்த்தமே இல்லை.

உங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்களேன். டீச்சர் கரும்பலகையில் எழுதுகிறார். நீங்கள் மேலிருந்து கீழே வரிவரியாக நோட்டில் எழுதிக்கொள்கிறீர்கள். பாதி எழுதும்போதே டீச்சர் பலகையை அழித்துவிட்டு அடுத்த பாடத்தை எழுதிவிட்டால்? உங்கள் நோட்டில் மேல்பாதி பழைய பாடம், கீழ்பாதி புதுப் பாடம்! மானிட்டரும் இப்படித்தான் படத்தை மேலிருந்து கீழே வரிவரியாகத் தீட்டுகிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் நொடிக்கு 60 தடவை. கார்டு அதற்குள் அடுத்த படத்தை நீட்டிவிட்டால் கிழிசல்தான். இரண்டும் ஒரே தாளத்தில் ஓடவில்லை, அவ்வளவுதான். கார்டு வேகமாக இருந்தாலும் இது வரும், மெதுவாக இருந்தாலும் வரும். எங்கள் வீரனின் கார்டு மானிட்டரை விட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது!

மருந்து கேமின் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. 'வி-சிங்க்' என்று பெயர். 'அவன் எழுதி முடிக்கும்வரை பலகையை அழிக்காதீர்கள்' என்று டீச்சரிடம் சொல்வது போல. ஆனால் ஒரு சங்கடம்: டீச்சர் சமயத்தில் எழுதி முடிக்காவிட்டால், நீங்கள் பழைய பாடத்தையே இன்னொரு தடவை எழுத வேண்டியிருக்கும். அதாவது கிழிசல் போய் தத்தல் வரும். மவுஸும் கொஞ்சம் தாமதமாகக் கேட்கும். இதற்காகவே, கார்டுக்காக மானிட்டர் காத்திருக்கும் முறையும் வந்துவிட்டது. என்விடியாவின் ஜி-சிங்க் 2013-லும், ஏ.எம்.டி.யின் ஃப்ரீசிங்க் 2015-லும் வந்தன. மானிட்டரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

இப்போது தத்தலுக்கு வருவோம். "எனக்கு 60 எஃப்.பி.எஸ். வருது" என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்கிறோமே, அந்த எண்ணை நம்பி ஏமாறக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஆறு பஸ் என்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் சந்தோஷம். ஆறும் வரிசையாக வந்து போய்விட்டு, அப்புறம் ஐம்பது நிமிடம் ஒன்றுமே வராவிட்டால்? கணக்குக்கு அதுவும் ஆறுதான்! நொடிக்கு 60 படம் சீராக வந்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லி செகண்ட். அதில் ஒரே ஒரு படம் 200 மில்லி செகண்ட் இழுத்தடித்தால், மீதி 59 வேகமாக வந்தாலும், கண்ணுக்குத் தத்தல் தெரிந்துவிடும்.

இதை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர் ஸ்காட் வாசன். 'தி டெக் ரிப்போர்ட்' என்ற அமெரிக்க இணைய இதழில் 2011-ல் எழுதினார். நொடிக்கு எத்தனை படம் என்று மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். இரண்டு கார்டுகளைச் சேர்த்துப் பூட்டினால் எண்ணிக்கை எகிறியது. படங்களோ சீராக வரவில்லை! 2013 ஆகஸ்டில் ஏ.எம்.டி. இதற்கென்று ஒரு புது டிரைவர் மென்பொருளை வெளியிட்டது. கார்டு அதே கார்டுதான், ஓட்டம் சீரானது. (பின்னாளில் வாசனையே ஏ.எம்.டி. வேலைக்கு எடுத்துக்கொண்டது. குறை சொன்னவருக்கு நல்ல பரிசு!)

சில சமயம் தப்பு கேமிலேயே இருக்கும். 2022 பிப்ரவரியில் வந்த 'எல்டன் ரிங்' (பெரியவர்கள் கேம்தான்) விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களிலும் தத்தியது. அதற்கு நீங்கள் என்ன செலவு செய்து என்ன பயன்?

ஆகவே துப்பறிவாளர் மாதிரி கேள்வி கேளுங்கள். எப்போது தத்துகிறது? புது இடத்துக்குப் போகும்போது ஒரு தடவை தத்தி, மறுமுறை அதே இடத்தில் தத்தவில்லையா? கேம் அப்போதுதான் தன் வேலையைத் தயார் செய்கிறது, விட்டுவிடுங்கள். கால் மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கிறதா? சூடு! மின்விசிறியில் தூசி அடைத்திருக்கும். அதைப் பெரியவர்கள், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சுத்தம் செய்யட்டும். லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியிருக்கிறதா? ஆன்லைன் கேமில் மட்டும்தான் இழுக்கிறது என்றால் நெட் இணைப்பைப் பாருங்கள், கார்டு என்ன செய்யும்? ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றி, நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று கடவுளுக்கே தெரியாது.

கார்டே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்.பி.எஸ். நன்றாக ஏறினால், கார்டுக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். அப்போது அப்பாவிடம் தைரியமாகப் பேசலாம். ஏறவே இல்லையா? தடை வேறு எங்கோ இருக்கிறது. புது கார்டு போட்டாலும் அதே தத்தல்தான். அப்பாவின் காசு போனதுதான் மிச்சம்.

எங்கள் வீரன் வி-சிங்க் போட்டான், கோடு மறைந்தது. பீஸ் பணம் பீரோவுக்குத் திரும்பியது. போன வாரம் போயிருந்தபோது சி.பி.யு.வின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். மதர்போர்டு ஓட்டைக்கு மேலே ஒரு நோட்டு லேபிள் ஒட்டி, சிவப்புப் பேனாவில் எழுதியிருந்தான்: 'இங்கே இல்லை, கீழே!'