கேட்டது வானிலை, சொன்னது சினிமா விளம்பரம்! வாய் மூடாத செல்போன் குரல்கள்

"இன்றைக்கு மழை வருமா?" என்று ஒருவரைக் கேட்டால், "வரும்" என்பார், அல்லது "வராது" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. குடையை எடுப்பதா, விடுவதா என்று நாம் முடிவு செய்துகொண்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பலாம்.

செல்போனுக்குள் குடியிருக்கும் குரல்களிடம் கேட்டால் கதை வேறு. "மழை வராது" என்று சொல்லிவிட்டு, "அப்புறம் ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்துவிடுகின்றன. பண்டிகை வாழ்த்து சொல்கின்றன. புதுப்படம் ரிலீசாகும் சேதி சொல்கின்றன. "இதையும் கேட்டுப் பாருங்களேன்" என்று யோசனை சொல்கின்றன. கேட்காத கேள்விக்குப் பதில்!

சின்ன எரிச்சல்தானே, விட்டுத் தள்ளு என்று தோன்றும். கொஞ்சம் கிளறிப் பார்த்தால் உள்ளே கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது. கோர்ட்டு வழக்கு இருக்கிறது. சில வீடுகளில் கண்ணீரும் இருக்கிறது.

யார் இந்த ஆசாமிகள்?

முதலில் வந்தது ஆப்பிள் கம்பெனியின் "சிரி". 2011 அக்டோபரில் ஐபோன் 4எஸ் என்ற மாடலோடு கடைக்கு வந்தது. 2014 நவம்பரில் அமேசான் கம்பெனி "எக்கோ" என்ற ஸ்பீக்கர் பெட்டியை வெளியிட்டது. அதற்குள் இருக்கும் குரலின் பெயர் அலெக்சா. 2016-ல் கூகுளும் தன் பங்குக்கு ஒரு குரலை இறக்கியது. கூகுள் குரல் இப்போது தமிழும் பேசும்.

மூன்றுக்கும் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். பேர் சொல்லிக் கூப்பிடும் வரை காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருக்கும். கூப்பிட்டதும் விழித்துக்கொள்ளும். நாம் கேட்டது பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து பதில் வரும்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் போனுக்குத் தீபாவளியும் தெரியாது, தீபாவளிக் கடனும் தெரியாது. பதிலோடு ஒரு வால் சேர்ந்து வருகிறது என்றால், அந்த வாலை ஒட்டி அனுப்பியவர் எங்கோ ஓர் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னைக் கேட்டால்..."

இந்த ஒட்டு வேலை பகிரங்கமாக வெளுத்தது 2017 மார்ச் மாதம், அமெரிக்காவில்.

அங்கே கூகுள் ஸ்பீக்கர் வைத்திருந்தவர்கள் காலையில் எழுந்ததும், "இன்றைய நாள் எப்படி?" என்கிற மாதிரி கேட்பது வழக்கம். குரல் வரிசையாகச் சொல்லும். மணி என்ன, வெயிலா மழையா, ஆபீசுக்குப் போகும் வழியில் டிராபிக் எப்படி, இன்று யாரைப் பார்க்க வேண்டும். உபயோகமான விஷயம்தான்.

ஒரு நாள் இத்தனையும் சொல்லி முடித்த குரல், அதே மூச்சில் டிஸ்னி கம்பெனியின் "பியூட்டி அண்ட் த பீஸ்ட்" படம் இன்று ரிலீஸ் என்று சொன்னது. அதோடு விட்டதா? இந்தப் படத்தில் புதுப்புது சாதனங்களைக் கண்டுபிடிப்பவர் அப்பா இல்லை, மகள்தான் என்று கதையை அவிழ்த்தது. "என்னைக் கேட்டால் இதுதான் பொருத்தம்" என்று சொந்த அபிப்பிராயம் வேறு!

அட, உன்னை யாரப்பா கேட்டது?

சில செல்போன்களிலும் இதே குரல், இதே பேச்சு. ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பெட்டி, நம் வீட்டு சமையலறையில் நின்றுகொண்டு அடுத்தவன் படத்துக்கு நோட்டீஸ் கொடுப்பதா?

கூகுள் தந்த விளக்கம் அதைவிட ருசி. இது விளம்பரமே அல்ல என்றது. வேளைக்கேற்ற தகவலைச் சில சமயம் எடுத்துச் சொல்வோம், இந்த முறை இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று பிறகு இறங்கி வந்தது. அந்தப் பேச்சும் நின்றது.

விளம்பரமா இல்லையா என்று கம்பெனியும் ஜனங்களும் மல்லுக்கட்டிக்கொண்டதில்தான் விஷயம் இருக்கிறது. பேப்பரில் விளம்பரம் என்றால் கட்டம் கட்டியிருக்கும். பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். காதுக்கு ஏது கட்டம்? வானிலை சொன்ன அதே குரல், அதே குழைவு. எது சேதி, எது வியாபாரம் என்று பிரித்துக் கேட்க முடியாது.

பார்வையில்லாதவர்கள் பாடு இன்னும் கஷ்டம். நமக்குத் திரையைப் பார்த்தால் அரை வினாடியில் மணி தெரிந்துவிடும். அவர்களுக்குப் போனே காது வழியாகத்தான். வாலாக வருகிற ஒவ்வொரு வாக்கியமும் அவர்கள் உட்கார்ந்து கேட்டுத் தீர்க்க வேண்டிய சுமை.

கத்தியவனுக்குப் பரிசு

அடுத்த மாதமே, 2017 ஏப்ரலில், இன்னொரு கூத்து. பர்கர் கிங் என்ற அமெரிக்க சாப்பாட்டுக் கம்பெனி டி.வி.யில் ஒரு விளம்பரம் விட்டது. கடைக்காரப் பையன் கேமராவைப் பார்த்து, "ஓகே கூகுள், வாப்பர் பர்கர் என்றால் என்ன?" என்று கேட்பான். கேள்வி டி.வி.யில்தான். ஆனால் டி.வி. பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளும் போன்களும் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று விழித்துக்கொண்டு, அந்த பர்கரில் என்னென்ன போட்டிருக்கிறது என்று விலாவாரியாக ஒப்பிக்க ஆரம்பித்தன!

சில மணி நேரத்துக்குள் கூகுள் அதற்குப் பூட்டுப் போட்டது. பர்கர் கம்பெனி குரலை மாற்றி மறுபடி விட்டது.

பலே! அதே விளம்பரத்துக்கு அந்த வருஷம் பிரான்சில் கான் நகரில் நடந்த விளம்பரக்காரர்கள் விழாவில் பெரிய பரிசு. வீடு புகுந்து கத்தியவனுக்கு மாலை மரியாதை.

சிரித்தது யார்?

2018 மார்ச்சில் வேறொரு திகில். வீட்டில் யாரும் கூப்பிடாமல் அலெக்சா பெட்டிகள் தாமாகச் சிரிப்பதாக அமெரிக்காவில் புகார் கிளம்பியது. ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில் இருட்டறையில் ஒரு பெண் சிரிப்பு கேட்டால் எப்படி இருக்கும்? நம் ஊராக இருந்தால் வேப்பிலை அடித்திருப்பார்கள்.

எதையோ "அலெக்சா, சிரி" என்று பெட்டி தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டதுதான் காரணம் என்றது அமேசான். "அலெக்சா, உன்னால் சிரிக்க முடியுமா?" என்று முழுசாகக் கேட்டால்தான் இனி சிரிக்கும், அதுவும் "முடியும்" என்று சொல்லிவிட்டுத்தான் சிரிக்கும் என்று மாற்றினார்கள்.

வேடிக்கை பாருங்கள். "சிரி" என்று பேர் வைத்துக்கொண்ட ஐபோன் சிரிக்கவில்லை. அது போய்ச் சேர்ந்த இடம் பிரிட்டிஷ் பார்லிமெண்டு! அதே 2018 ஜூலையில், அப்போது ராணுவ மந்திரியாக இருந்த கேவின் வில்லியம்சன் சிரியா நாட்டுச் சண்டையைப் பற்றி சபையில் பேசிக்கொண்டிருந்தார். "சிரியா" என்றதும் அவர் போனில் இருந்த "சிரி" எழுந்து, சிரியாவைப் பற்றித் தேடிப் பிடித்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டது. சபை சிரித்தது. மந்திரி அசடு வழிந்தார்.

நஷ்டக் கணக்கு

ஏன் இப்படி வாயாடுகின்றன? கம்பெனிகள் "உங்களுக்கு உதவத்தான்" என்கின்றன. கணக்குப் புத்தகம் வேறு மாதிரி பேசுகிறது.

அலெக்சா பெட்டியை அமேசான் மலிவாக விற்றது. வாங்கியவர்கள் அதன் மூலம் சாமான்களாக வாங்கிக் குவிப்பார்கள், போட்ட பணம் திரும்பிவிடும் என்று நினைத்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? பாட்டுப் போடு, மணி சொல், முட்டை வேக எட்டு நிமிஷம் அலாரம் வை. அவ்வளவுதான்! 2017 முதல் 2021 வரை அந்தப் பிரிவில் 2,500 கோடி டாலர் நஷ்டம் என்று "வால் ஸ்ட்ரீட் ஜர்னல்" பத்திரிகை 2024 ஜூலையில் எழுதியது.

கடைக்காரர்களுக்கு இது உடனே புரியும். காலணா வியாபாரம் இல்லாமல் தினமும் வந்து மணி மட்டும் கேட்டுவிட்டுப் போகும் ஆளிடம், "புதுச் சரக்கு வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று பேச்சுக் கொடுத்துப் பார்ப்பது இல்லையா? அலெக்சாவின் "அப்புறம் ஒரு விஷயம்" அந்த ரகம். ஒரு வித்தியாசம். கடைக்காரர் முகம் பார்த்துப் பேசுவார். வந்தவர் அவசரத்தில் இருந்தால் விட்டுவிடுவார். பெட்டிக்கு முகம் பார்க்கத் தெரியாது.

ஆபீஸ் குமாஸ்தாக்களில் கொஞ்சம் மூத்தவர்களுக்கு இன்னொரு ஆசாமியும் ஞாபகம் இருக்கும். மைக்ரோசாப்ட் கம்பெனியின் ஆபீஸ் 97 புரோகிராமில் கண் உருட்டிக்கொண்டு வரும் பேப்பர் கிளிப். கடிதம் டைப் அடிக்க ஆரம்பித்தால் போதும், "கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறதே, உதவட்டுமா?" என்று குறுக்கே வந்து நிற்கும். 2001-ல் அதை ஒதுக்கி வைத்தார்கள். ஆபீஸ் 2007-ல் சீட்டே கிழிந்தது. அதை வேலையை விட்டுத் தூக்கியதாக மைக்ரோசாப்டே கிண்டலாக விளம்பரம் செய்தது. குரல் கம்பெனிகள் அந்தப் பாடத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

தாய் இல்லாத வீட்டில் அன்னையர் தினம்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. பண்டிகை, விசேஷ நாள் வாழ்த்துகள் அப்படி இல்லை.

முதலில் நாளே குழப்பம். அன்னையர் தினம் அமெரிக்காவில் மே மாதம் இரண்டாவது ஞாயிறு. இங்கிலாந்தில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வருகிறது. தந்தையர் தினம் அமெரிக்காவில் ஜூன், ஆஸ்திரேலியாவில் செப்டம்பர். எந்த ஊர்க் காலண்டரைப் பார்த்து எந்த ஊர்க்காரருக்கு வாழ்த்துச் சொல்வது?

நாள் சரியாக இருந்தாலும் ஆள் சரியாக இருக்க வேண்டுமே. போன மாதம்தான் அம்மாவைப் பறிகொடுத்தவரிடம், "அம்மாவுக்கு என்ன வாங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டால்?

பிரிட்டனில் புளூம் அண்ட் வைல்டு என்ற பூக்கடைக் கம்பெனி 2019-ல் இதை யோசித்துப் பார்த்தது. அன்னையர் தின விளம்பரக் கடிதம் வேண்டாதவர்கள் சொல்லிவிடலாம், அனுப்ப மாட்டோம் என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. ஆயிரக்கணக்கானோர் "வேண்டாம்" என்று சொன்னார்கள். நன்றி சொல்லியும் எழுதினார்கள். அந்த நாட்டுப் பார்லிமெண்டிலேயே பேச்சு வந்தது. பிறகு வேறு கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன.

பேஸ்புக் பட்டது வேறு அடி. 2014 டிசம்பரில், "உங்கள் வருஷம் எப்படி இருந்தது பாருங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் அவர்களுடைய படங்களையே கோத்துக் கொண்டாட்டமாகக் காட்டியது. அமெரிக்காவில் ஒரு தகப்பனாருக்கு வந்த படம், அந்த வருஷம் இறந்துபோன அவருடைய சின்னஞ்சிறு மகளின் முகம். சுற்றிலும் ஆட்டம் பாட்டம் வரைந்திருந்தது. அவர் திட்டவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, யோசிக்காமல் செய்திருக்கிறார்கள் என்று நிதானமாக எழுதினார். கம்பெனி அதிகாரி வருத்தம் தெரிவித்தார்.

அது படம், பூக்கடை அனுப்புவது கடிதம். தலைப்பைப் பார்த்ததும் தள்ளிவிட வழி உண்டு. குரல் தள்ளிவிட நேரம் கொடுக்காது. கூடத்தில் நாலு பேர் இருக்கும்போது, குழந்தைகள் இருக்கும்போது, சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் ஓயும்.

எல்லோருக்கும் இது தொந்தரவு என்றும் சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் தூர தேசத்தில், தனியாக இருக்கும் பெரியவருக்கு ஒரு "பொங்கல் வாழ்த்துகள்" பேச்சுத் துணையாக இருக்கலாம். அவர் வேண்டும் என்று கேட்கட்டும், கொடுக்கட்டும். வேண்டாம் என்பவர் தேடி அலைந்து நிறுத்த வேண்டியிருக்கிறதே, அதுதான் அநியாயம்.

கோர்ட்டுக்குப் போன காது

வாய்க்கு ஒரு கதை என்றால் காதுக்கு ஒரு கதை. கூப்பிடாமலே "சிரி" விழித்துக்கொண்டு வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தது என்று அமெரிக்காவில் ஆப்பிள் மீது வழக்கு. தப்பு எதுவும் செய்யவில்லை என்று ஆப்பிள் மறுத்தது. மறுத்தபடியே வழக்கை முடிக்க 9 கோடியே 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்ட விவரம் 2025 ஜனவரியில் வெளியானது. ஒரு சாதனத்துக்கு அதிகபட்சம் 20 டாலர்.

நம் நாட்டில் செல்போன் குரல் கோர்ட்டு வாயில் விழுந்தது வேறு விதத்தில். 2020 மார்ச்சில் கொரோனா எச்சரிக்கை என்று யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஓர் இருமல் சத்தம் கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வருஷம் அது தடுப்பூசிப் பிரசாரமாக மாறியது. ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறதா என்று கேட்கப் பதறிக்கொண்டு போன் போட்டவரும் அதைக் கேட்டு முடித்துத்தான் பேச வேண்டியிருந்தது. 2021 மே மாதம் டெல்லி ஐகோர்ட்டு பிடித்துக்கொண்டது. போதிய ஊசியே கையில் இல்லாதபோது, ஊசி போட்டுக்கொள் என்று எத்தனை நாள் இந்த எரிச்சல் பேச்சைப் போடுவீர்கள் என்று மத்திய அரசைக் கேட்டது.

நிறுத்துவது எப்படி?

அலெக்சா வைத்திருப்பவர்கள் அதன் ஆப்பில் செட்டிங்ஸ் போய் "பிரீப் மோட்" என்பதைப் போட்டுவிடலாம். 2018-ல் வந்த வசதி. "சரி, செய்கிறேன்" என்று நீட்டி முழக்காமல் ஒரு சின்ன மணிச் சத்தத்தோடு வேலையை முடிக்கும்.

கூகுள் போனில் "ஹே கூகுள்" என்றதும் விழிக்கும் ஸ்விட்சை செட்டிங்சில் அணைத்துவிட்டால், தேவைப்படும்போது மட்டும் தொட்டுக் கூப்பிடலாம். ஐபோனிலும் "சிரி" என்று இருக்கும் இடத்தில் அதே போல ஸ்விட்ச் உண்டு. செட்டிங்ஸ் எல்லாம் நமக்கு எங்கே வரும் என்பவர்களுக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. ஐபோனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தால், சாதாரணமாக, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் "சிரி" எழுந்திருக்காது.